வேட்பாளர் மீது வழக்கு: தேர்தல் பிரச்சாரத்தில் என்னென்ன மாறுகிறது?



அரசியல், தேர்தல் தொடர்பான கருத்து விளக்கக் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரு சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். "குற்றவாளிகள் தேர்தலில் நிற்கிறார்கள்" என்று மாணவர் எழுதியிருப்பார். யாரைச் சொல்கிறாய் என்று கேட்டால், வழக்கு நடந்துகொண்டிருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்வார். "சார், அவர் மேலதான் கேஸ் இருக்கே!" என்பார். கேஸ் இருக்கிறது, சரி. ஆனால் தீர்ப்பு வந்துவிட்டதா?

இது வெறும் சொற்பிழை இல்லை. தீர்ப்பு வராத ஒருவரைக் குற்றவாளி என்று எழுதினால் கட்டுரையின் வாதமே சரிந்துவிடும். அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. 2021 டிசம்பர் 15 முதல் நம் நாட்டில் 18 வயதிலேயே வாக்குரிமை கிடைத்துவிடுகிறது. வாக்காளர் பதிவும் தானாகவே நடக்கிறது. இன்று ஐந்தாம் படிவத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அடுத்த வருஷம் வாக்காளர். வேட்பாளர்மேல் வழக்கு இருக்கும் ஒரு தொகுதியில் அவருடைய முதல் வாக்கு விழலாம். அன்றைக்கு அவர் வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பப் போகிறாரா, தானே பிரித்துப் பார்க்கப் போகிறாரா? அந்தப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்குத்தான் இந்தக் கட்டுரை. படிவம் 5 வரலாற்றில் வரும் அரசியலமைப்பு, நாடாளுமன்ற மக்களாட்சி ஆகிய பகுதிகளுக்கும், ஆறாம் படிவத்தின் பெங்ஙாஜியான் ஆம் பாடத்துக்கும் இது உதவும்.

1. முதலில் சொற்களைப் பிரிப்போம்

நான்கு நிலைகள் உண்டு. நான்குக்கும் தனித்தனிச் சொல் தமிழில் இருக்கிறது.

விசாரணை: காவல்துறையோ ஊழல் தடுப்பு ஆணையமோ வாக்குமூலம் எடுக்கும் கட்டம். இந்தக் கட்டத்தில் அவர் "விசாரிக்கப்படுபவர்" மட்டுமே.

குற்றச்சாட்டு: அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகையை வாசித்து, அவர் "குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை" என்று சொல்லும் கட்டம். இப்போது அவர் "குற்றம் சாட்டப்பட்டவர்". அரசுத் தரப்பு நிரூபிக்கும்வரை அவர் நிரபராதி என்றே சட்டம் கொள்கிறது.

தீர்ப்பும் தண்டனையும்: நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, சிறையோ அபராதமோ விதிக்கும் கட்டம். மேல்முறையீடு இதற்குப் பிறகும் உண்டு.

விடுதலை: இதிலும் இரண்டு வகை. ஒன்று, வழக்கிலிருந்து முழுமையான விடுதலை. மற்றொன்று, "விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு". இரண்டாவது வகையில் அரசுத் தரப்பு விரும்பினால் அதே குற்றச்சாட்டை மறுபடியும் கொண்டுவரலாம். துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடிக்கு 2023 செப்டம்பர் 4ஆம் தேதி யாயாசான் அகால்புடி வழக்கின் 47 குற்றச்சாட்டுகளில் கிடைத்தது இந்த இரண்டாவது வகைதான். அன்றைக்கு "விடுதலை ஆகிட்டார்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள், "தப்பிச்சிட்டார்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நீதிமன்றம் சொன்னது இந்த இரண்டும் இல்லை.

இந்த நான்கு நிலைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு சட்டத்துக்குப் போவோம்.

2. சட்டம் எங்கே கோடு போடுகிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 48ஆவது விதிதான் இதற்கு அடிப்படை. அதன் முக்கியமான உட்பிரிவைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: ஒருவருக்கு ஓராண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையோ, 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ விதிக்கப்பட்டு, அவருக்குப் பொதுமன்னிப்பும் கிடைக்காவிட்டால், அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் தகுதியை இழக்கிறார். மாநிலச் சட்டமன்றங்களுக்கும் இதே மாதிரியான விதி உண்டு.

இதில் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, குற்றச்சாட்டு என்ற சொல்லே இங்கே இல்லை. 47 குற்றச்சாட்டுகள் இருந்தாலும் தீர்ப்பு வராதவரை ஒருவர் தாராளமாகப் போட்டியிடலாம்.

இரண்டு, எந்தக் குற்றம் என்று இந்த உட்பிரிவு பார்ப்பதில்லை. தண்டனையின் அளவைத்தான் பார்க்கிறது. கோடிக்கணக்கில் கையாடல் செய்து அபராதம் கட்டியவரும், கைகலப்பில் அபராதம் கட்டியவரும் ஒரே தராசில்தான் நிற்கிறார்கள்.

மூன்று, தடை நிரந்தரமானது இல்லை. சிறையிலிருந்து விடுதலையான நாளிலிருந்தோ, அபராதம் விதிக்கப்பட்ட நாளிலிருந்தோ ஐந்தாண்டு முடிந்தால் அது நீங்கிவிடும். மாமன்னர் அதற்கு முன்பே நீக்கவும் முடியும்.

நான்கு, மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. ஏற்கெனவே பதவியில் இருப்பவருக்கும், புதிதாக வேட்புமனு தாக்கல் செய்பவருக்கும் விதி வேறுவேறு. பதவியில் இருப்பவர் 14 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்தால், அந்த மேல்முறையீடு முடியும்வரை தகுதியிழப்பு அவரைத் தொடாது. வேட்புமனுவுக்கு அந்தச் சலுகை கிடையாது. தண்டனை வந்த உடனேயே தடை.

சட்டமாகப் படித்தால் தலை சுற்றும். நம் வட்டாரத்திலேயே நடந்த சம்பவங்களோடு சேர்த்துப் படித்தால் தெளிவாகிவிடும்.

3. காஜாங் 2014: ஒரே நாளில் ஒருவர் உறுப்பினர், ஆனால் வேட்பாளர் இல்லை

2014 ஜனவரி 27ஆம் தேதி காஜாங் சட்டமன்ற உறுப்பினர் லீ சின் சே பதவி விலகினார். அன்வார் இப்ராஹிம் அங்கே போட்டியிட்டு, சிலாங்கூர் மந்திரி பெசார் ஆவதற்கான பாதை அது என்று பரவலாகப் பேசப்பட்டது. மார்ச் 11 வேட்புமனுத் தாக்கல், மார்ச் 23 வாக்களிப்பு என்று நாள் குறிக்கப்பட்டது.

அன்வார்மேல் 2008இலிருந்தே ஓரினப்புணர்ச்சி வழக்கு ஒன்று இருந்தது. 2012 ஜனவரி 9ஆம் தேதி உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்திருந்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. வேட்புமனுவுக்கு நான்கே நாள் இருக்கும்போது, அதாவது மார்ச் 7ஆம் தேதி, மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து ஐந்தாண்டுச் சிறை விதித்தது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது; அவர் சிறைக்குப் போகவில்லை.

இப்போது விதியைப் பொருத்திப் பாருங்கள். அவர் பெர்மாத்தாங் பாவ் நாடாளுமன்ற உறுப்பினர். மேல்முறையீடு செய்ததால் அந்தப் பதவி அப்படியே இருந்தது. ஆனால் காஜாங்கில் வேட்புமனு தாக்கல் செய்ய முடியாது. ஒரே ஆள், ஒரே தண்டனை, ஒரே வாரம். பழைய பதவி இருக்கிறது, புதிய போட்டி இல்லை.

பிரச்சாரத்துக்கு என்ன ஆச்சு? வேட்பாளரே மாறினார். அன்வாரின் மனைவி டாக்டர் வான் அஸிஸா நின்றார். "புதிய மந்திரி பெசார்" என்று தொடங்கவேண்டிய பிரச்சாரம், "அநீதிக்குப் பதில் சொல்லுங்கள்" என்று திரும்பியது. எதிர்த்து நின்றவர் மசீச-வின் சியூ மெய் ஃபன். முடிவில் வான் அஸிஸா 5,379 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். ஆனால் 2013 பொதுத் தேர்தலில் லீ சின் சே பெற்ற பெரும்பான்மை 6,824. அதாவது தொகுதி கைவிட்டுப் போகவில்லை, ஆனால் அனுதாப அலை பெரும்பான்மையை உயர்த்தவும் இல்லை. "கைது பண்ணினா ஓட்டு குவியும்" என்ற பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம். பொதுத் தேர்தலையும் இடைத்தேர்தலையும் ஒப்பிடும்போது வாக்களிப்பு விகிதம் வேறுபடும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஒரு துணைச் செய்தி. காஜாங் வேட்புமனு நாளான அதே மார்ச் 11ஆம் தேதிதான் மூத்த வழக்கறிஞர் கர்ப்பால் சிங்குக்குத் தேச நிந்தனை வழக்கில் 4,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. 2,000 என்ற கோட்டை அது தாண்டியது. மேல்முறையீடு இருந்ததால் நாடாளுமன்றப் பதவி உடனே போகவில்லை. அடுத்த மாதமே, ஏப்ரல் 17ஆம் தேதி, சாலை விபத்தில் அவர் காலமானார். 2019இல் கூட்டரசு நீதிமன்றம் அவரை அந்த வழக்கிலிருந்து விடுவித்தது. தீர்ப்பு கடைசிப் படிக்கட்டுவரை போகும் முன்பே மனித வாழ்க்கை முடிந்துவிடலாம். "தீர்ப்பு வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொல்வது எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

4. பத்து 2018: "குறையாத" என்ற ஒரே சொல்

தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்வதற்கென்றே அமைந்தது போன்ற சம்பவம் இது.

கோலாலம்பூரின் வடபகுதியில் உள்ள பத்து நாடாளுமன்றத் தொகுதி. 2008 முதல் அங்கே பி.கே.ஆர். கட்சியின் தியான் சுவா உறுப்பினர். 2018 ஏப்ரல் 28, வேட்புமனு நாள். அவருடைய மனுவைத் தேர்தல் அதிகாரி நிராகரித்தார். காரணம், காவல்துறை அதிகாரி ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில் அவருக்கு விதிக்கப்பட்டிருந்த அபராதம். கீழ் நீதிமன்றம் விதித்தது 3,000 ரிங்கிட். அந்த ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதை 2,000 ஆகக் குறைத்திருந்தது.

சரியாக 2,000. இப்போது விதியைத் திரும்பப் படியுங்கள்: "2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம்".

மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இரண்டாயிரத்துக்குக் குறையாத" என்றால் இரண்டாயிரமும் சேருமா, சேராதா? பாதிப் பேர் சேராது என்பார்கள். "குறையாத" என்றால் அந்த அளவும் சேரும். "மேற்பட்ட" என்றால்தான் அந்த அளவு சேராது. எதிர்மறைப் பெயரெச்சம் என்று இலக்கண வகுப்பில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறோமே, இங்கே அது ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் வேட்பாளரை முடிவு செய்தது.

ஆனாலும் தியான் சுவா தரப்பு எதிர்வாதம் செய்ததற்குக் காரணம் இருந்தது. 2010இல் வேறொரு வழக்கிலும் அவருக்கு இதே 2,000 ரிங்கிட் அபராதம்தான் விதிக்கப்பட்டது. அப்போது அவர் பதவியில் நீடித்தார். 2013 தேர்தலிலும் நின்று வென்றார். அப்போது விட்ட தொகை இப்போது எப்படித் தடுக்கும் என்பது அவர்கள் கேள்வி. 2018 மே 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. வாக்களிப்பு மே 9. இடையில் இருந்தவை நான்கே நாள்.

பி.கே.ஆருக்கு இப்போது பெரிய சிக்கல். வேட்புமனு நேரம் முடிந்துவிட்டது. மாற்று வேட்பாளரை நிறுத்த முடியாது. வாக்குச்சீட்டில் அவர்கள் சின்னமே இருக்காது. அந்தத் தொகுதியில் சுயேச்சையாக மனு போட்டிருந்த 22 வயது சட்ட மாணவர் பி. பிரபாகரனுக்கு ஆதரவு தர முடிவு செய்தார்கள். தியான் சுவாவே கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தினார். நான்கு நாளில் "உங்களுக்குப் பழகிய சின்னத்தைத் தேடாதீங்க, இந்தத் தம்பியின் சுயேச்சைச் சின்னத்தைப் பாருங்க" என்று மக்களுக்கு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

முடிவு: பிரபாகரன் 38,125 வாக்கு. இரண்டாவதாக வந்த பாஸ் கட்சி வேட்பாளர் 13,687. பெரும்பான்மை 24,438. மலேசிய வரலாற்றில் மிக இளவயது நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பெயர் ஒரு தமிழ் இளைஞருக்குக் கிடைத்தது. பிறகு அவர் பி.கே.ஆரில் சேர்ந்தார். 2022இல் கட்சி பிரபாகரனையே நிறுத்தியது. தியான் சுவா அதே தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்றார். ஒரு 2,000 ரிங்கிட் அபராதம் ஒருவருடைய அரசியல் பாதையை மூடி, இன்னொருவருக்குத் திறந்துவிட்டது.

இங்கே கற்றுக்கொள்ளவேண்டியது இதுதான். வழக்கின் அடி எப்போதும் வேட்பாளரின் பெயர்மேல்தான் விழும் என்றில்லை, நேரத்தின்மேலும் விழும். நம் நாட்டில் பிரச்சாரக் காலம் குறைந்தது 11 நாள்தான். அதில் ஏழு நாளை நீதிமன்ற வாசலில் கழித்தால் வேட்பாளருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

5. கோத்தா ஆலாம் ஷா 2008: குற்றச்சாட்டே இல்லாத சிறை

கிள்ளான்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைய மாணவர்கள் பலர் அப்போது பிறக்கவே இல்லை.

2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் இண்ட்ராஃப் பேரணி. அதற்கு முன்பே பி. உதயகுமார், பி. வேதமூர்த்தி, வ. கணபதிராவ் ஆகியோர் கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றத்தில் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டனர். டிசம்பர் 13ஆம் தேதி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவின் கீழ் ஐவர் தடுத்துவைக்கப்பட்டார்கள். வழக்கறிஞர் எம். மனோகரன் அவர்களில் ஒருவர். கமுந்திங் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்.

2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில் ஜசெக அவரைக் கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் நிறுத்தியது. முகாமுக்குள் இருப்பவர் எப்படி நிற்க முடியும்? விதியை மறுபடி பாருங்கள். தகுதியிழப்புக்குத் தேவை நீதிமன்றத் தீர்ப்பும் தண்டனையும். இசாவில் நீதிமன்றமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஆகவே சட்டப்படி அவர் தகுதியானவர். விசாரணையில்லாமல் உள்ளே வைத்த அதே சட்டம், அவரைத் தேர்தலிலிருந்து தடுக்கும் காரணத்தையும் உண்டாக்கவில்லை.

வேட்பாளர் இல்லாமலே பிரச்சாரம் நடந்தது. மேடையில் அவருடைய மனைவி, கட்சிக்காரர்கள், வாலண்டியர்களாக வந்த இளைஞர்கள். வேட்பாளர் கைகுலுக்க வரவில்லை என்பதே பிரச்சாரத்தின் செய்தி ஆயிற்று. 12,699 வாக்குக்கு 5,515 என்று 7,184 பெரும்பான்மையில் அவர் வென்றார். ஆனால் வென்றவர் வெளியே வந்தது 2009 மே மாதத்தில்தான். ஓராண்டுக்கு மேல் அந்தத் தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் குரல் கொடுக்க அவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. வெற்றியின் விலை இது. மாணவர்கள் கட்டுரையில் வெற்றியை மட்டும் எழுதிவிட்டு இந்த விலையை விட்டுவிடுகிறார்கள்.

அதே ஐவரில் ஒருவரான கணபதிராவ் 2013இல் அதே கோத்தா ஆலாம் ஷாவில் வென்றார்; 2022இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

6. வழக்கு உதவிய இடமும், இடித்த இடமும்

வழக்கு வந்தால் ஓட்டு கூடுமா, குறையுமா? இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது.

2008 ஆகஸ்ட் 7ஆம் தேதி அன்வார்மேல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. ஒன்பது நாள் கழித்துப் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தலில் அவர் வேட்புமனு தாக்கல் செய்தார். அதற்கு முந்தைய நாள் புகார் கொடுத்தவர் பள்ளிவாசலில் குர்ஆன் மீது சத்தியம் செய்தார். பிரச்சாரம் முழுக்க அந்தப் பேச்சாகவே இருந்தது. ஆகஸ்ட் 26ஆம் தேதி அன்வார் 15,671 பெரும்பான்மையில் வென்றார். ஐந்து மாதம் முன்பு அதே தொகுதியில் வான் அஸிஸாவின் பெரும்பான்மை 13,388. இங்கே வழக்கு வாக்கைக் குறைக்கவில்லை.

நஜிப் ரசாக்கின் கதை வேறு மாதிரி. 2018 ஜூலையில் குற்றம் சாட்டப்பட்ட பிறகு, "மாலு ஆபா, போஸ்கு" என்ற முழக்கத்தோடு மக்களிடம் போனார். "இதுல என்ன வெட்கம், பாஸ்?" என்பது போன்ற பொருள். 2019 மார்ச்சில் சிலாங்கூர் செமினி இடைத்தேர்தலில் அவர் சுறுசுறுப்பாகப் பிரச்சாரம் செய்தார். தேசிய முன்னணி 1,914 வாக்கில் வென்றது. 2020 ஜூலை 28ஆம் தேதி எஸ்.ஆர்.சி. வழக்கில் 12 ஆண்டுச் சிறையும் 210 மில்லியன் ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்ததால் 2021 மலாக்கா, 2022 ஜொகூர் மாநிலத் தேர்தல்களில் மேடை ஏறினார். மலாக்காவில் 28இல் 21, ஜொகூரில் 56இல் 40 இடங்கள் தேசிய முன்னணிக்கு. தண்டிக்கப்பட்டவர் வேட்பாளராக முடியாது, ஆனால் வெளியே இருக்கும்வரை பேச்சாளராக முடியும். இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்ட் 23ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அவர் காஜாங் சிறைக்குப் போனார்.

அதே ஆண்டு நவம்பரில் பொதுத் தேர்தல். அம்னோ தலைவர் ஸாஹிட் வழக்குகளோடு நின்றார். "குளஸ்டர் மக்காமா", அதாவது நீதிமன்றக் கூட்டம், என்ற அடைமொழியை எதிரணியினர் மேடைக்கு மேடை சொன்னார்கள். மலாக்காவிலும் ஜொகூரிலும் வென்ற அதே தேசிய முன்னணி 30 நாடாளுமன்ற இடங்களுக்குச் சுருங்கியது. ஸாஹிட் தம் சொந்தத் தொகுதியான பாகான் டத்தோவில் வெறும் 348 வாக்கில் தப்பினார்.

அப்படியென்றால் எது தீர்மானிக்கிறது? எனக்குத் தெரிந்தவரை மூன்று கேள்விகள் முக்கியம்.

வழக்கு போட்டவர் யார் என்று மக்கள் நினைக்கிறார்கள்? ஆட்சியில் இருப்பவர்கள் எதிரியை ஒடுக்குகிறார்கள் என்று தோன்றினால் அனுதாபம் வரும். 2008இல் அப்படித் தோன்றியது.

பாதிக்கப்பட்டவர் யார்? பொதுமக்கள் பணம் என்று வந்தால் "என் பணம்" என்ற கோபம் வரும். தனிமனிதக் குற்றச்சாட்டில் அந்தக் கோபம் அவ்வளவாக வராது.

வேட்பாளர் வென்றால் என்ன ஆவார்? ஒரு தொகுதி உறுப்பினர் என்றால் ஒரு கணக்கு. வழக்குகளையே நிறுத்தும் அதிகாரம் கைக்கு வரும் இடம் என்றால் வேறு கணக்கு.

இந்த மூன்றும் என் வாசிப்பு. மாணவர்கள் மாற்றுக் கருத்து சொன்னால் ஆதாரத்தோடு சொல்லட்டும், மகிழ்ச்சிதான். ஏனென்றால் ஒரு தேர்தலில் விலைவாசி, கூட்டணி, வேட்பாளரின் தொகுதிச் சேவை எல்லாமே கலந்திருக்கும். வழக்கு ஒன்றே காரணம் என்று எந்த முடிவையும் சொல்லிவிட முடியாது.

7. வெளிநாட்டில் எப்படி?

ஒப்பீட்டுக்கு ஒரு பத்தி போதும். இந்தியாவில் இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால் தகுதியிழப்பு. பதவியில் இருப்பவருக்கு மேல்முறையீட்டுக் காலத்தில் இருந்த பாதுகாப்பை 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதனால்தான் 2014 செப்டம்பர் 27ஆம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டனை பெற்ற ஜெயலலிதா உடனே முதல்வர் பதவியை இழந்தார். 2015 மே மாதம் விடுவிக்கப்பட்ட பிறகு ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நின்று வென்றார். காஜாங்கில் நடந்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நம் சட்டம் பதவியைக் காக்கிறது, அவர்கள் சட்டம் காப்பதில்லை. இந்தியாவில் வேட்பாளர் தம்மேல் உள்ள வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அமெரிக்காவிலோ, 2024 மே மாதம் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்ட டொனால்ட் டிரம்ப், அதே ஆண்டு நவம்பரில் அதிபர் தேர்தலில் வென்றார். அங்கே அரசியலமைப்பில் அப்படியொரு தடை இல்லை.

8. வகுப்பறைக்கு

ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். நாம் அரசுப் பணியாளர்கள். வகுப்பில் கட்சி பேசக் கூடாது. அது சரியான விதி. அதற்காகத் தேர்தலைப் பற்றியே பேசாமல் இருந்தால், பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸ் டீக்கடைப் பேச்சிலும் டிக்டாக்கிலும் பாடம் படிப்பார்கள். முடிந்துபோன வழக்கு, முடிந்துபோன தேர்தல் என்று எடுத்துக்கொண்டால் பாதுகாப்பாகப் பேசலாம். பத்து, கோத்தா ஆலாம் ஷா, காஜாங் மூன்றும் அதற்கு ஏற்றவை. நடந்துகொண்டிருக்கும் வழக்கில் இவர் குற்றம் செய்தாரா இல்லையா என்ற விவாதம் வகுப்பில் வேண்டாம். அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம்.

எந்தக் கட்சிக்காரரைப் பற்றிய செய்தி வந்தாலும் மாணவர்கள் மூன்று கேள்வி கேட்கப் பழகட்டும்: வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? இதைச் சொல்பவருக்கு இதனால் லாபம் உண்டா? இதே வழக்கு எனக்குப் பிடித்த தலைவர்மேல் இருந்தால் நான் இதே சொல்லைப் பயன்படுத்துவேனா? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதுதான் பெரியவர்களுக்கே கஷ்டம்.

மாணவர்களே, தேர்வில் எழுதும்போது இப்படி மாற்றுங்கள்:

"குற்றவாளிகள் போட்டியிடுகின்றனர்" என்பதற்குப் பதில் "குற்றச்சாட்டை எதிர்நோக்கும் சிலர் போட்டியிடுகின்றனர்".

"நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது" என்பதற்குப் பதில் "விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பை நீதிமன்றம் வழங்கியது" அல்லது "முழுமையாக விடுதலை செய்தது". எது உண்மையோ அது.

"மக்கள் ஏமாந்தனர்" என்று எழுதாதீர்கள். வாக்காளர் ஏன் அப்படி முடிவெடுத்திருக்கலாம் என்று காரணம் காட்டுங்கள்.

பயிற்சிக்கு மூன்று கேள்விகள்:

அ) "குற்றம் சாட்டப்பட்டவர்கள் தேர்தலில் போட்டியிடத் தடை விதிக்க வேண்டும்." இக்கூற்றை ஒட்டியோ வெட்டியோ விவாதக் கட்டுரை எழுதுக.

ஆ) 48ஆவது விதி, பதவியில் இருப்பவரையும் புதிய வேட்பாளரையும் வேறுவேறாக நடத்துவது நியாயமா? காஜாங் இடைத்தேர்தலைச் சான்றாகக் கொண்டு விளக்குக.

இ) "குறையாத", "மேற்பட்ட", "மிகாத", "உட்பட்ட" ஆகிய சொற்களை வைத்து நான்கு விதிமுறைகள் எழுதுக. ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட எண் சேருமா, சேராதா என்று கூறுக.

முதல் கேள்விக்கு ஒரு குறிப்பு. தடை வேண்டும் என்பவர்களுக்கு வலுவான வாதம் உண்டு: பொதுப்பணத்தைக் காக்கவேண்டியவர் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவராக இருக்க வேண்டாமா? வேண்டாம் என்பவர்களுக்கும் வலுவான வாதம் உண்டு: குற்றச்சாட்டே தடையாகிவிட்டால், அதைக் கொண்டுவரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் நம் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுப்பார். 2007 நவம்பரில் கிள்ளான் நீதிமன்றத்தில் நின்றவர்களில் ஒருவர் பின்னாளில் அதே கிள்ளானின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். குற்றச்சாட்டே போதும் என்ற விதி அன்றைக்கு இருந்திருந்தால், அவர் விஷயத்தில் முடிவெடுத்திருப்பது வாக்காளர்களா, அரசுத் தரப்பா? இந்தக் கேள்விக்கு உங்கள் கட்டுரை பதில் சொன்னால், திருத்துபவர் உட்கார்ந்து கவனமாகப் படிப்பார்.